கல்வி தேடிக் காஞ்சிக்கு ஒரு நாள்

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 அன்று மழையால் பலர் கூட்டத்துக்கு வர முடியவில்லை. பேசியதை அப்படியே எழுதிக் கொடுங்கள், காலாண்டு இதழில் போடலாம் என்று செயலாளர் சொன்னார். முப்பத்தைந்து வருடம் வங்கியில் வவுச்சர் எழுதிய கைக்கு இது கொஞ்சம் புதுசு. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "குடும்பத்தோடு போக நல்ல ஒரு நாள் பயணம்". இங்கிருந்து காஞ்சிபுரம் சுமார் 40 கிலோமீட்டர். இதில் பயணம் என்ன இருக்கிறது, பட்டுப்புடவை எடுக்கப் பத்து தடவை போய் வந்தாயிற்று என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2019 நவம்பர் வரை நம் முகவரியே காஞ்சிபுரம் மாவட்டம்தானே. ஆனால் இந்த முறை புடவைக்காகப் போகவில்லை. பழைய காலத்துப் பல்கலைக்கழக ஊரைப் பார்க்கப் போனோம்.

ஆரம்பித்தது என் பேரன். கோடை விடுமுறையில் மகள் குடும்பம் வந்திருந்தது. மகாபலிபுரம் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு, "இதை யார் தாத்தா கட்டினது?" என்றான். பல்லவ ராஜா ராஜசிம்மன் என்றேன். "அவர் வீடு எங்கே?" காஞ்சிபுரம். "அவர் எங்கே படிச்சார்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று புத்தகங்களைப் புரட்டினேன். ராஜா எங்கே படித்தார் என்று கிடைக்கவில்லை. ஆனால் காஞ்சியில் ஒரு கடிகை இருந்தது என்று கிடைத்தது. கடிகை என்றால் அந்தக் காலத்து உயர்கல்வி நிலையம். இன்னொன்றும் கிடைத்தது. ராஜசிம்மன் கடிகையை மறுபடி நிலைநிறுத்தினார் என்றும், சிவனுக்குக் கைலாசநாதர் கோயிலைக் கட்டினார் என்றும் வேலூர்ப்பாளையம் செப்பேடு இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. நம் கடற்கரைக் கோயிலைக் கட்டிய அதே ராஜாதான்.

பயணத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதையும் சொன்னால்தான் கதை முழுசாகும். என் பேத்தி பிளஸ் டூ முடித்து, புனேயில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் படிக்க இடம் வாங்கியிருந்தாள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் அனுப்பச் சம்மதம். எனக்கும் என் மனைவிக்கும் இல்லை. முதல் வருட ஹாஸ்டல் பணம் என் ஃபிக்சட் டெபாசிட்டிலிருந்து வருவதாக ஏற்பாடு. அதனால் வீட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி, "சமையல் பிடிக்குமா, காய்ச்சல் வந்தா யார் பார்ப்பா, சனிக்கிழமை தலைக்கு யார் எண்ணெய் வைப்பா" என்று ஒரு பட்டியலே வைத்திருந்தாள். நான் பட்டியல் எதுவும் போடவில்லை. "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வங்கியில் எங்கள் மேலாளர் கடன் தர மாட்டேன் என்பதை இந்த வார்த்தையில்தான் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மாப்பிள்ளை காரில் கிளம்பினோம். ஆறு பேர். வாலாஜாபாத் வழியாகப் போய் எட்டு மணிக்கு முன்னால் கைலாசநாதர் கோயில் வாசலில் இருந்தோம். ரயிலிலும் போகலாம். செங்கல்பட்டிலிருந்து பாலூர், பழைய சீவரம், வாலாஜாபாத் வழியாக அரக்கோணம் போகும் பாதை காஞ்சியைத் தொட்டுத்தான் போகிறது.

கைலாசநாதர் கோயில் ஊரின் மேற்குக் கோடியில் இருக்கிறது. காலையில் கூட்டமே இல்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். பிராகாரத்தைச் சுற்றி 58 சிறிய சன்னிதிகள். சிலவற்றில் பழைய வண்ண ஓவியத்தின் மிச்சம் இன்னும் தெரிகிறது. கருவறையைச் சுற்றி வரும் வழி மிகக் குறுகல், தவழ்ந்துதான் நுழைய வேண்டும். ஒரு தடவை சுற்றி வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். என் முழங்கால் ஒத்துழைக்காததால் எனக்கு இன்னொரு பிறவி உண்டு. பேரன் மூன்று தடவை சுற்றினான்.

கணக்கு எழுதிய ஆளுக்குப் பிடித்த ஒரு விஷயம் அங்கே உண்டு. சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பல்லவரை வென்று காஞ்சிக்குள் வந்தான். இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துப் போகாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைக் கன்னடத்தில் தூணில் வெட்டியும் வைத்தான். ஜெயித்தவன் பணத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீதும் எழுதி வைத்திருக்கிறான் பாருங்கள்.

அங்கே ஒரு திண்ணையில் உட்கார்ந்துதான் பிள்ளைகளுக்குக் கடிகைக் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம் தாளகுந்தாவில் ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மயூரசர்மன் என்ற பையன் தன் ஆசிரியர் வீரசர்மரோடு காஞ்சிக் கடிகையில் படிக்க வந்ததாக அது சொல்கிறது. அங்கே ஒரு பல்லவக் குதிரை வீரனோடு தகராறு வந்தது. கோபத்தில் படிப்பை விட்டு வாளை எடுத்தான். கடைசியில் கதம்பர் என்ற அரச வம்சத்தையே தொடங்கினான். இதைக் கேட்டதும் என் மனைவி, "இதுக்குத்தான் பிள்ளைங்களை வெளியூர் அனுப்பக் கூடாதுன்னு சொல்றேன்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அடுத்தது தருமபாலர். இவர் காஞ்சியில் பிறந்தவர், ஒரு பெரிய அதிகாரியின் பிள்ளை. ராஜாவின் மகளைக் கட்டி வைக்க ஏற்பாடு ஆனது. கல்யாணத்துக்கு முந்தின இரவே ஊரை விட்டுப் போய்த் துறவியாகிவிட்டார். பிறகு நாளந்தாவுக்கே தலைமை ஆசிரியரானார். இந்தக் கதையைச் சொன்னவர் சீன யாத்ரீகர் யுவான் சுவாங். அவர் சுமார் 640-ல் காஞ்சிக்கு வந்தார். நாளந்தாவில் யுவான் சுவாங்குக்குப் பாடம் சொன்னவர் சீலபத்திரர். அந்தச் சீலபத்திரர் படித்தது தருமபாலரிடம். அப்படியானால் சீனாவிலிருந்து வந்தவர் காஞ்சியில் பார்த்தது தன் குருவின் குரு பிறந்த ஊரை. இந்த ஊர்க்காரர்களுக்குக் கல்வியில் பெரிய மதிப்பு உண்டு என்று அவர் எழுதி வைத்திருக்கிறார்.

பேரன் எழுந்து நின்று, "சரி தாத்தா, அந்தக் கடிகை எங்கே? வாங்க பார்க்கலாம்" என்றான். அதுதான் சிக்கல். இதுதான் கடிகை நின்ற இடம் என்று காட்ட இன்று காஞ்சியில் ஒரு சுவர்கூட இல்லை. நாளந்தாவில் செங்கல் இருக்கிறது. இங்கே கல்வெட்டிலும் செப்பேட்டிலும் பெயர் மட்டும்தான். ஊரைச் சுற்றி இன்றைக்கும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஏனாத்தூரில் 1993 முதல் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆனால் பேரன் கேட்டது அது இல்லையே. அவனுக்கு ஏமாற்றம்.

அதனால் அவனை வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப்போனோம். நீங்கள் போனால் இதைத் தவற விடாதீர்கள். இரண்டாம் நந்திவர்மன் எட்டாம் நூற்றாண்டில் கட்டியது. பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் மூன்று அடுக்கில் இருக்கிறார். கோயிலைச் சுற்றியுள்ள திருச்சுற்று மண்டபச் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாறு சிற்பமாக இருக்கிறது. படக்கதைப் புத்தகம் மாதிரி. சில இடங்களில் சிற்பத்துக்குக் கீழே இது என்ன காட்சி என்று எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள்.

அதில் ஒரு கதை இது. பல்லவ ராஜா ஒருவர் வாரிசு இல்லாமல் இறந்துவிடுகிறார். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து, அதே குலத்தின் இன்னொரு கிளையில் வந்த இரணியவர்மன் வீட்டுக்கு ராஜாவைத் தேடிப் போகிறார்கள். போனவர்களில் கடிகையாரும் உண்டு. கடிகையைச் சேர்ந்தவர்களுக்கு அவ்வளவு மரியாதை. இரணியவர்மனுக்கு நான்கு பிள்ளைகள். மூன்று பேர் மாட்டேன் என்கிறார்கள். கடைசிப் பையன், 12 வயது, "நான் போகிறேன்" என்கிறான். அப்பா தயங்குகிறார். இவ்வளவு சின்னப் பையனை எப்படி அனுப்புவது? பக்கத்தில் இருந்த ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் சம்மதிக்கிறார். அந்தப் பையன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய நந்திவர்மன். பேரனுக்கும் பன்னிரண்டு வயதுதான். "அவங்க அப்பா கடைசியா விட்டாரா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டான்.

பேத்தி அதுவரை அதிகம் பேசவில்லை. அந்த மண்டபத்தில் வைத்துத்தான் கேட்டாள். "தாத்தா, அந்தக் கடிகையில என்னைச் சேர்த்திருப்பாங்களா?"

இல்லை என்றேன். அந்தச் செப்பேடே அதை அந்தணர்களின் கடிகை என்றுதான் சொல்கிறது. நம் குடியிருப்பிலேயே பலருடைய தாத்தாவுக்குத் தாத்தா உள்ளே போயிருக்க முடியாது. பெண்கள் பேச்சே இல்லை. மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலை காஞ்சிக்கு வந்து அறவண அடிகளிடம் தருக்க நூல் கேட்கிறாள். ஆனால் அது காப்பியம், அங்கேயும் அவள் துறவி.

"அப்போ வெளியிலேயே நிறுத்தியிருப்பாங்க" என்றாள் பேத்தி. என் மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள், "வெளியில நிறுத்தறதுக்குக் கடிகை எதுக்குடி, வீடே போதும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அது எனக்குச் சொன்னது.

உங்களில் பலருக்குத் தெரியாது. என் மகள் பிளஸ் டூ முடித்தபோது அவளுக்குக் கோயம்புத்தூரில் விவசாயப் படிப்பில் இடம் கிடைத்தது. நான் அனுப்பவில்லை. தூரம் என்றேன். பஸ்ஸில் போய் வருகிற கல்லூரியில், நான் படித்த அதே பி.காம்.-இல் சேர்த்துவிட்டேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. அதனால் அவளுக்குப் பெரிய வருத்தமில்லை என்று இருபத்தைந்து வருடமாக நான் நினைத்திருந்தேன். நானும் அப்படித்தான். இரண்டு தடவை ஆபீசர் ப்ரமோஷன் வந்தபோது, டிரான்ஸ்ஃபர் வருமே என்று பயந்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். கிளார்க்காகவே ஓய்வு பெற்றேன். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அது என் கணக்கு. அதை மகள் பெயரில் பற்று எழுதியிருக்கக் கூடாது.

பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிட்டார்கள். சாப்பிட்டோம். காஞ்சிபுரம் இட்லி வேண்டும் என்று பேரன் அடம். மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் தட்டிப் போட்டு மந்தாரை இலையில் வேக வைப்பது. வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமாக வந்த இட்லி அது. பிறகு அண்ணா நினைவு இல்லம். அண்ணா 1909-ல் காஞ்சியில் பிறந்தவர். குடும்பத்துக்கு உதவியாக இந்த ஊர் நகராட்சியில் கொஞ்ச காலம் எழுத்தராக இருந்தார். அங்கிருந்து சென்னைக்குப் போய்ப் பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. வரை படித்தார். எழுத்தர் வேலையிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாப்பிள்ளை பொதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் மாலை நான்கரைக்குத் திருமுக்கூடல் போனோம். பழைய சீவரத்துக்கு எதிரே, பாலாற்றின் மறுகரை. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். அங்கே அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் மிக நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. பதினோராம் நூற்றாண்டு, வீரராஜேந்திர சோழன் காலத்தது. அந்த எழுத்தை நம்மால் படிக்க முடியாது. அதனால் விஷயத்தைப் புத்தகத்திலிருந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு போயிருந்தேன்.

அது முழுக்க வரவு செலவுத் திட்டம். கோயிலோடு வேதமும் இலக்கணமும் சொல்லித்தரும் ஒரு பள்ளி, அதற்கு விடுதி, பக்கத்திலேயே 15 படுக்கை கொண்ட மருத்துவமனை. வைத்தியருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு, அறுவை செய்பவருக்கு எவ்வளவு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு எவ்வளவு என்று எல்லாம் இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் போக வேண்டிய இடம் அதே மருத்துவமனைதான். விடுதிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, படுக்கப் பாய், இரவில் விளக்கு. சனிக்கிழமை தோறும் தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய். அதற்கும் தனியாக ஒதுக்கீடு.

நான் வாசித்துக்கொண்டே வந்து எண்ணெய் என்ற இடத்தில் நிறுத்தினேன். என் மனைவி, "என்னது, இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தேன். "சனிக்கிழமைன்னே எழுதியிருக்கா?" ஆமாம் என்றேன். ஆயிரம் வருடத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக, யாரோ ஒரு கணக்கர், ஊரை விட்டு வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். என் மனைவியின் பட்டியலும் அவர் பட்டியலும் ஒன்றுதான். சாப்பாடு, காய்ச்சல், எண்ணெய். இவள் அந்தப் பட்டியலை வைத்துப் போகாதே என்றாள். அவர் அதே பட்டியலுக்குப் பணம் ஒதுக்கி, வந்து படி என்றார்.

என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பேத்தியிடம், "எண்ணெய் நான் காய்ச்சித் தரேன். பாட்டில்ல எடுத்துட்டுப் போ. வாராவாரம் வெச்சிக்கணும்" என்றாள். அவ்வளவுதான். பேத்தி அவளைக் கட்டிக்கொண்டாள்.

நான் மகளிடம் ஆற்றங்கரையில் பேசினேன். "அன்னிக்கு உன்னை அனுப்பியிருக்கணும். தப்பு என்னோடதும்மா" என்றேன். அவள், "இப்போ இவளை அனுப்புங்க அப்பா, அது போதும்" என்றாள். போதும் என்று அவள் பெருந்தன்மையாகச் சொன்னாள். போதாது என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடத்துக்கு வட்டி போடும் சூத்திரம் எங்கள் வங்கியில் கிடையாது.

மறுநாளே வங்கிக்குப் போய் டெபாசிட்டை முடித்தேன். முதிர்வுக்கு முன் எடுத்ததால் வட்டியில் கொஞ்சம் குறைத்தார்கள். பேத்தி இப்போது புனேயில் இருக்கிறாள். முதல் மாதம் போனில் அழுதாள். இரண்டாம் மாதம் அவளுக்குப் பேச நேரமில்லை.

நீங்களும் போக நினைத்தால் சில குறிப்புகள். விடியலிலேயே கிளம்புங்கள். கோயில்கள் பெரும்பாலும் பகல் பன்னிரண்டுக்குச் சாத்தி நான்கு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். காலையில் கைலாசநாதரும் வைகுண்டப் பெருமாளும், மதியம் அண்ணா நினைவு இல்லம், திரும்பும்போது திருமுக்கூடல் என்று வைத்துக்கொண்டால் இருட்டுவதற்குள் வீடு வந்துவிடலாம். கோடையில் கல் தரை சுடும், பெரியவர்கள் பழைய சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர் கையில் இருக்கட்டும். புடவைக் கடை கடைசியில்தான் என்று முதலிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். பத்துக் குடும்பம் சேர்ந்தால் சங்கத்தின் சார்பில் ஒரு வேன் எடுக்கலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். கல்வெட்டு விஷயங்களைக் குறித்த தாள் என்னிடம் இருக்கிறது, நகல் எடுத்துத் தருகிறேன்.

இன்னொன்று. நம் குடியிருப்பில் இந்த வருடம் பிளஸ் டூ எழுதும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். வெளியூரில் இடம் கிடைத்து, பணம்தான் யோசனை என்றால் கல்விக் கடன் படிவத்தை எடுத்துக்கொண்டு எந்த மாலையும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். என்னென்ன சான்றிதழ் வேண்டும், எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எண்ணெய் விஷயத்துக்கு என் மனைவியைக் கேளுங்கள்.